பலாக்கொட்டையும் இரு செய்திகளும்



சென்ற ஆண்டு கோடையில் ஒரு நாள், பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மூதாட்டி பங்கு இல்லத்திற்கு வந்தார். கையில் ஒரு பலாப்பழம், முகத்திலோ கவலை. பழத்தைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, "சாமி, எங்கள் வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை" என்றார்.

விவரம் இதுதான். அவருடைய மருமகள் பிள்ளைகளுடன் சிதம்பரத்தில் குடியிருக்கிறார். கைபேசியில் அவருக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. பருப்பிலும் பயற்றிலும் பலாக்கொட்டையிலும் 'லெக்டின்' என்றொரு நஞ்சு இருக்கிறதாம். அது இரத்தத்தைக் கட்டியாக்கிவிடுமாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் சாம்பார் இல்லை, சுண்டல் இல்லை, பயற்றங்கஞ்சி இல்லை. வளரும் இரு குழந்தைகள் சோறும் இரசமுமாக நாட்களைக் கடத்துகின்றனர்.

கிராமத்திலோ மூதாட்டியின் கணவர் வேறொரு செய்தியைப் படித்துவிட்டார். பலாக்கொட்டையில் உள்ள 'அரிய புரதம்' சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளுமாம். ஆகையால் கொட்டையை வேகவைக்காமல் உலர்த்திப் பொடி செய்து தினமும் உண்டால் நீரிழிவு நோய் நீங்குமாம். அவர் பத்து ஆண்டுகளாக உட்கொண்டு வந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பச்சைப் பொடியை உண்ணத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஒரே பொருளை மருமகள் நஞ்சென்று குப்பையில் எறிகிறார். மாமனார் மருந்தென்று வாயிலிடுகிறார். எனக்கும் அப்பொழுது விடை தெரியவில்லை. ஆனால் மாத்திரையைத் தாமாக நிறுத்தியது தவறு என்பது மட்டும் தெரிந்தது. "அம்மா, முதலில் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போவோம். மற்றதைக் கேட்டறிந்து சொல்கிறேன்" என்றேன். சிதம்பரத்தில் உயிர்வேதியியல் பயிலும் நம் பங்குப் பெண் ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளிடம் கேட்டும், பின்னர் நூல்களைப் பார்த்தும் அறிந்துகொண்டவற்றை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தேர்ந்தெடுக்கும் புரதம்

லெக்டின் என்பது ஒரு தனிப்பொருள் அன்று. ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் தன்மையுள்ள புரதங்களுக்கு இப்பெயர். சர்க்கரை என்றவுடன் தேநீரில் இடும் சீனியை மட்டும் எண்ணிவிடக் கூடாது. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவின் மேற்புறத்திலும் பலவகைச் சர்க்கரைகள் சிறு சிறு சங்கிலிகளாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. இன்னாருடைய இரத்தம் ஏ வகை, இன்னாருடையது பி வகை என்று நாம் சொல்லுகிறோமே, அந்த வேறுபாடும் சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் உள்ள வேறுபாடேயாகும்.

லெக்டின் புரதத்திற்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் ஓர் அணுவின் சர்க்கரையையும், மற்றொரு கையால் வேறோர் அணுவின் சர்க்கரையையும் பிடித்துக்கொள்கிறது. இப்படி ஆயிரமாயிரம் பிடிகள் சேரும்போது கண்ணாடிக் குழாயில் உள்ள சிவப்பணுக்கள் வலைபோல் ஒட்டிக்கொள்கின்றன. 'இரத்தம் கட்டியாகும்' என்ற செய்தியின் வேர் இதுவே.

இதனை முதலில் கண்டவர் ஹெர்மன் ஸ்டில்மார்க். இன்று எஸ்தோனியா நாட்டில் உள்ள தார்த்து நகரின் பல்கலைக்கழகத்தில், 1888-ஆம் ஆண்டு, ஆமணக்கு விதையின் சாறு சிவப்பணுக்களை ஒட்டவைப்பதை அவர் தம் ஆய்வேட்டில் எழுதினார். 'லெக்டின்' என்ற பெயரை 1954-இல் சூட்டியவர் அமெரிக்கரான வில்லியம் பாய்டும் அவருடன் பணியாற்றிய எலிசபெத் ஷேப்லியும் ஆவர். குருமடத்தில் இலத்தீன் படித்தவர்களுக்கு இச்சொல் அந்நியமன்று. 'லெகெரே' என்றால் பொறுக்கி எடுத்தல், தேர்ந்துகொள்ளுதல். எழுத்துகளைப் பொறுக்கிப் படிப்பதற்கும் அதே சொல்தான். திருப்பலியில் வாசகத்தைக் குறிக்கும் 'லெக்சியோ' பிறந்த வேரிலிருந்தே இப்புரதத்தின் பெயரும் பிறந்தது. எல்லாச் சர்க்கரையையும் பிடிக்காமல், தனக்குரியதை மட்டும் தேர்ந்து பிடிப்பதால் இப்பெயர்.

இத்தேர்ச்சியின் பயனை நம் நாட்டிலேயே கண்டவர் ஒருவர் உண்டு. பூனாவில் இராணுவ மருத்துவத் துறையில் பணியாற்றிய ஜார்ஜ் பேர்டு என்பவர், நாம் இரசம் வைக்கும் கொள்ளின் சாறு ஏ வகைச் சிவப்பணுக்களைத் தேர்ந்து ஒட்டவைக்கிறது என்று 1951-இல் வெளியிட்டார். ஏ வகையிலும் ஏ1, ஏ2 என்னும் உட்பிரிவுகள் உள்ளன. கொள்ளின் சாறு செறிவாக இருந்தால் இரண்டையும் பிடிக்கும். தக்க அளவு நீர்த்துவிட்டாலோ ஏ1 ஒன்றையே பிடிக்கும். இன்றும் இரத்த வங்கிகளில் இச்சாறு அப்பணிக்குப் பயன்படுகிறது. ஒரே விதை, ஒரே சாறு. ஆனால் எவ்வளவு நீரில் கரைத்தோம் என்பதைப் பொறுத்து அதன் தீர்ப்பு மாறுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் கருத்து முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

பலாவின் பெயர் தாங்கிய புரதம்

பலாக்கொட்டையில் உள்ள லெக்டினுக்கு 'ஜக்கலின்' என்று பெயர். இப்பெயரின் பயணம் சுவையானது. மலையாளத்தில் பலாவைச் 'சக்க' என்பர். நம் குமரி மாவட்டத்திலும் 'சக்கை' என்ற வழக்கு உண்டு. கடல் வழியே வந்த போர்த்துக்கீசியர் அதை 'ஜாக்கா' என்று தம் மொழியில் வாங்கிக்கொண்டு, பழத்தைப் பிரேசிலுக்கும் கொண்டு சென்றனர். சிதம்பரத்திற்குக் கிழக்கே பரங்கிப்பேட்டை என்ற ஊர்ப்பெயரில் அவர்கள் நினைவு இன்றும் நிற்கிறது. பிரேசில் நாட்டு அறிவியலார் 1985-இல் இப்புரதத்தை விரிவாக ஆராய்ந்து, 'ஜாக்கா'விலிருந்தே 'ஜக்கலின்' என்று பெயரிட்டனர்.

அவர்கள் கண்டது வியப்புக்குரியது. மனித இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருட்களுள் 'ஐஜிஏ' என்பது ஒன்று. தாய்ப்பாலில், சிறப்பாகச் சீம்பாலில், நிறைந்திருந்து பச்சிளங்குழந்தையின் குடலைக் காப்பதும் இவ்வகையே. இதன் முதல் உட்பிரிவை ஜக்கலின் தேர்ந்து பிடித்துக்கொள்கிறது. அதனால், பல பொருட்கள் கலந்த நீர்மத்திலிருந்து அதனைத் தனியே பிரித்தெடுக்க ஆய்வுக்கூடங்களில் பலாக்கொட்டைப் புரதம் பயன்படலாயிற்று.

இத்துறையில் நம் தமிழகத்திற்கும் பங்குண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பீமல் குமார் பச்சாவத் என்னும் உயிர்வேதியியலார் சர்க்கரை சார்ந்த புரத ஆராய்ச்சியை வளர்த்தார். அவரிடம் பயின்ற அவதேஷா சுரோலியா பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் லெக்டின் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அங்கே எம். விஜயனின் குழுவினர், சுரோலியாவுடன் சேர்ந்து, ஜக்கலின் படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து அதன் வடிவத்தை 1996-இல் வெளியிட்டனர். அவ்வடிவம் அதுவரை அறியப்பட்ட அவரையின லெக்டின்களின் வடிவத்திலிருந்து வேறுபட்டிருந்தது. நான்கு ஒத்த பகுதிகள் சேர்ந்த கூட்டு அது. ஒவ்வொரு பகுதியிலும் 133 கண்ணிகள் கொண்ட நீண்ட சங்கிலி ஒன்றும், 20 கண்ணிகள் கொண்ட குறுஞ்சங்கிலி ஒன்றும் இருக்கின்றன. விதை முதிரும்போது ஒரே சங்கிலியாகப் பிறந்து, பின் வெட்டுப்பட்டு இரண்டாகிறது. அவ்வெட்டினால் வெளிப்படும் முனைதான் சர்க்கரையைப் பிடிக்கும் இடத்தில் முக்கியப் பங்கு வகிக்கிறது. வெட்டுப்படுவது அழிவன்று, பணிக்கு ஆயத்தமாவது என்பதற்குப் பலாக்கொட்டையும் ஒரு சான்று.

பிரித்தெடுக்கும் விதம்

"கொட்டையில் இருப்பதைக் குழாய்க்குள் கொண்டுவர எத்தனை நாள் ஆகும்?" என்று அம்மாணவியைக் கேட்டேன். "ஃபாதர், எடுப்பது எளிது, எடுத்தது உயிரோடு இருக்கும்படி எடுப்பதுதான் கடினம்" என்றாள். அவள் விளக்கியதை நம் அடுக்களை மொழியில் சொல்லுகிறேன்.

முதலில் கொட்டையின் தோலை நீக்கி அரைக்க வேண்டும். எண்ணெய்ப் பசை மிகுந்த விதையானால் அதை நீக்க ஒரு கரைப்பானில் அலசுவார்கள். இங்கேயே முதல் ஆபத்து. எண்ணெயைக் கரைக்கும் திரவங்களுள் சில, குளிரவைக்காமல் பயன்படுத்தினால், புரதத்தின் மடிப்பையும் குலைத்துவிடும். அரைத்த மாவு காற்றுப்பட்டுக் கருத்தாலும் கெடுதிதான். வாழைக்காயை நறுக்கி வைத்தால் கருக்கிறதல்லவா? அவ்வாறு கருக்கச் செய்யும் துவர்ப்புப் பொருட்கள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதை முடமாக்கும்.

அடுத்து, மாவை உப்புக் கரைசலில் இட்டுக் குளிர்ந்த இடத்தில் பல மணி நேரம் கலக்குவர். புளிப்பும் காரமும் மிகாதபடி அக்கரைசல் நடுநிலையில் இருக்க வேண்டும். பின்னர்ச் சுழலும் பொறியில் வைத்துச் சக்கையைப் பிரித்தால் தெளிந்த சாறு கிடைக்கும். அதில் நூற்றுக்கணக்கான புரதங்கள் கலந்திருக்கும். நம் உழவர்கள் வயலுக்கு இடும் அம்மோனியம் சல்பேட்டின் தூய வகையை அச்சாற்றில் சிறிது சிறிதாகக் கரைத்தால், அந்த உப்பு நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். புரதங்கள் வெண்மையாகத் திரண்டு அடியில் படியும். இப்படிவு மரணமன்று, உறக்கம். மீண்டும் நீரில் கரைத்து உப்பை வெளியேற்றினால் புரதம் விழித்துக்கொள்ளும். உப்பை வெளியேற்றும் முறைக்குச் சிறுநீரக நோயாளிகளால் நாம் அறிந்த அதே பெயர்தான்: டயாலிசிஸ்.

கடைசிப் படிதான் அழகானது. ஒரு கண்ணாடிக் குழாயில், லெக்டின் விரும்பும் சர்க்கரையைத் தாங்கிய மணிகளை நிரப்பிச் சாற்றை மேலிருந்து ஊற்றுவர். மற்றப் புரதங்கள் எல்லாம் வழிந்து போய்விடும். லெக்டின் மட்டும் தன் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு அதே சர்க்கரையைக் கரைத்து ஊற்றினால், பிடித்ததை விட்டுக் கரைசலோடு இறங்கி வந்துவிடும். பலாக்கொட்டைப் புரதத்திற்கு நம் நாட்டு ஆய்வாளர் கொத்தவரை விதைப் பிசினையே இதற்கு மணியாக்கினர். அப்பிசினில் காலக்டோஸ் என்னும் சர்க்கரை நிரம்ப உண்டு. கொத்தவரை விரித்த வலையில் பலா சிக்குகிறது!

எடுத்தது உயிரோடு இருக்கிறதா என்று எப்படி அறிவது? சிறு குழிகள் கொண்ட தட்டில் சாற்றைப் பாதி, காற்பங்கு, அரைக்காற்பங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் சிவப்பணுக்களை இடுவர். லெக்டின் வேலை செய்தால் அணுக்கள் குழியின் அடியில் பாய் விரித்தாற்போல் பரவி நிற்கும். செய்யாவிட்டால் ஒரு பொத்தானைப்போல் நடுவில் குவிந்துவிடும். எத்தனை மடங்கு நீர்த்த பின்னும் பாய் விரிகிறதோ, அத்தனை வலிமை.

வேதிப்பொருள் செய்யும் மாற்றம்

எல்லாம் சரியாகச் செய்தும், ஒரு முறை அம்மாணவியின் தட்டில் எல்லாக் குழிகளிலும் பொத்தானே தெரிந்ததாம். இரண்டு வார உழைப்பு வீண் என்று அழுதிருக்கிறாள். அவள் எடுத்தது பலாவினுடையது அன்று, வாளவரை இனத்து விதையின் லெக்டின். அதற்குக் 'கான்கனவாலின் ஏ' என்று பெயர். அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர் 1919-இல் அதைப் படிகமாக எடுத்தார். பின்னாளில் வேறொரு புரதத்தைப் படிகமாக்கியதற்காக 1946-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். இப்புரதம் சர்க்கரையைப் பிடிக்க வேண்டுமானால் மாங்கனீசும் கால்சியமும் அதனுள் இருக்க வேண்டும். கரைசல் புளித்தாலோ, உலோகத்தைக் கவரும் வேதிப்பொருள் சேர்ந்தாலோ அவை கழன்றுவிடும். கை இருக்கும், பிடிக்கும் வலிமை இராது.

"உன் கரைசலில் அமிலம் மிகுந்துவிட்டது. உலோக உப்பைச் சேர்த்துப் பார்" என்று ஆசிரியர் சொன்னாராம். சேர்த்தாள், குழிகளில் மீண்டும் பாய் விரிந்தது. இவ்வாறு வலிமை போவதையும் மீள்வதையும் சம்னரும் அவருடன் பணியாற்றிய ஹவல் என்பவரும் 1936-இலேயே எழுதி வைத்திருக்கின்றனர். பலாவின் ஜக்கலினுக்கோ சர்க்கரையைப் பிடிக்க எந்த உலோகமும் தேவையில்லை. ஒன்றை முடமாக்கும் பொருள் மற்றொன்றைத் தொடுவதே இல்லை. ஆகவே 'லெக்டின்களை இப்படிச் செய்தால் கெடும்' என்று பொதுவாகச் சொல்லவும் இயலாது.

இன்னொரு செய்தி. 1973-இல் அமெரிக்காவில் ஜெரால்டு எடல்மன் குழுவினர் இந்த வாளவரைப் புரதத்தின்மீது சக்சினிக் அமிலத்தின் கூறுகளை ஒட்டவைத்தனர். நான்காகச் சேர்ந்திருந்த புரதம் இரண்டிரண்டாகப் பிரிந்தது. சர்க்கரையைப் பிடிக்கும் தன்மை போகவில்லை. ஆனால் அணுக்களைத் திரளாக ஒட்டவைக்கும் ஆற்றல் வெகுவாகக் குறைந்துவிட்டது. பிடிப்பது வேறு, கட்டியாக்குவது வேறு என்று இதனால் விளங்கிற்று.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. எந்த இடத்தால் சர்க்கரையைப் பிடிக்கிறது என்று அறிய, ஆய்வாளர்கள் புரதத்தின் குறிப்பிட்ட கண்ணிகளை மாற்றும் வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். பிடிப்பு போய்விட்டால், அக்கண்ணி முக்கியமானதாக இருக்கலாம் என்று கொள்வர். பிறகு, முதலிலேயே சர்க்கரையைக் கொடுத்துவிட்டு அதே வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். இம்முறை பிடிப்பு கெடாவிட்டால், அக்கண்ணி சர்க்கரையின் கீழே மறைந்திருந்தது என்பது உறுதியாகும். கை நிறைய எதையேனும் பற்றியிருப்பவனின் உள்ளங்கையில் மை பூச முடியாதல்லவா? பற்றியிருப்பதே அதற்குப் பாதுகாப்பாகிறது.

அடுக்களையில் நடக்கும் வேதியியல்

இனி நம் வீட்டிற்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் இத்தனை கவனத்தோடு காக்க வேண்டிய புரதம், கொதிக்கும் நீரில் என்ன ஆகும்? மடிப்புக் குலைந்து, வெந்த முட்டையின் வெண்கருவைப்போல் ஆகிவிடும். பின்னர் அதற்குக் கையும் இல்லை, பிடியும் இல்லை. செரிக்கக்கூடிய சாதாரண உணவு. நம் பாட்டிமார் பயற்றை இரவில் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் குழைய வேகவைத்தார்களே, அவர்கள் செய்தது வேதியியலே. ஊறிய விதைக்குள் வெப்பம் விரைந்து புகும். ஈரமில்லாத சூட்டைவிட ஈரச்சூடு புரதத்தை எளிதில் குலைக்கும்.

ஆனால் இதில் கவனக்குறைவு கூடாத விதை ஒன்று உண்டு. அது இன்று எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் சிவப்பு ராஜ்மா. கடலூரில் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞன், உடற்பயிற்சி செய்பவன், பச்சைப்பயற்றை முளைகட்டி உண்பதுபோல் ராஜ்மாவையும் ஊறவைத்து ஒரு பிடி பச்சையாகத் தின்றான். இரண்டு மணி நேரத்தில் வாந்தி, நிற்கவே இல்லை. வீட்டில் திருஷ்டி என்றார்கள், கெட்ட தண்ணீர் என்றார்கள். மருத்துவர்தான் என்ன தின்றாய் என்று கேட்டுக் கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் 1976-இல் விடுமுறைக்குச் சென்ற பள்ளி மாணவர்களுக்கும் இதே நேர்ந்தது; ஊறவைத்த ராஜ்மாவை வேகவைக்காமல் உண்டிருந்தார்கள்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தரும் கணக்கைப் பாருங்கள். பச்சை ராஜ்மாவில் லெக்டினின் வலிமை 20,000 முதல் 70,000 அலகு. நன்றாக வெந்ததில் 200 முதல் 400 அலகு. நான்கைந்து பச்சை விதைகளே நோயுண்டாக்கப் போதும். 5 மணிக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புதுநீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும் என்பது அவர்கள் அறிவுரை. கொதிநிலைக்கு வராமல் இளஞ்சூட்டில் நெடுநேரம் வைக்கும் மின்சாரப் பாத்திரங்கள் இதற்கு ஆகா. 80 பாகை அளவில் நின்றுவிட்டால் அதன் தீங்கு பச்சை விதையைவிடக் கூடவும் செய்யலாம். நம் பிரஷர் குக்கர் போதுமானது.

அதே ராஜ்மாப் புரதத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. பீட்டர் நோவல் என்னும் அமெரிக்க மருத்துவர், அது இரத்தத்தின் வெள்ளணுக்களைப் பிளந்து பெருகச் செய்கிறது என்று 1960-இல் கண்டார். குழந்தையின் பிறவிக் குறையை அறிய இரத்தத்தை எடுத்துக் குரோமோசோம் சோதனை செய்கிறார்களே, அதற்கு வெள்ளணுக்களைக் குழாயில் பெருக்கத் துணை நிற்பது இப்புரதமே.

எல்லா லெக்டினும் தீங்கானவை என்பதும் இல்லை. நாம் பச்சையாக உண்ணும் தக்காளியிலும் வாழைப்பழத்திலும் லெக்டின் உண்டு. வாழைப்பழத்தின் லெக்டின் பலாவினுடையதற்கு உறவுமுறையானது. அதற்காக எவரும் வாழைப்பழத்தை அஞ்சுவதில்லை.

குண்டுமணிச் செபமாலை

பெற்றோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும் குண்டுமணியிலும், ஆமணக்கு விதையிலும் உள்ள புரதங்கள் லெக்டின் குடும்பத்தில் கொடியவை. இவற்றில் இரு சங்கிலிகள் உள்ளன. ஒன்று சர்க்கரையைப் பிடித்து அணுவுக்குள் வழி திறக்கிறது. மற்றொன்று உள்ளே புகுந்து, புரதம் செய்யும் உறுப்பை நிறுத்திவிடுகிறது. பால் எர்லிக் என்ற செர்மானிய அறிஞர் 1890-களில் இவ்விரு நஞ்சுகளையும் சிறுகச் சிறுக எலிகளுக்குக் கொடுத்து, அவை எதிர்ப்பாற்றல் பெறுவதையும், தாய் எலி அதனைப் பாலின் வழியே குட்டிக்கு அளிப்பதையும் காட்டினார். தாய்ப்பாலின் காவலை உலகிற்கு உணர்த்திய சோதனைகளுள் அது ஒன்று.

ஆங்கிலத்தில் குண்டுமணிக்கு 'ரோசரி பீ', அதாவது செபமாலைப் பயறு என்றே பெயர். பல நாடுகளில் இதைக் கோத்துச் செபமாலை செய்ததுண்டு. முழு விதையின் ஓடு கடினமானது. விழுங்கினாலும் பெரும்பாலும் உடையாமல் வெளியேறிவிடும். ஆனால் கோப்பதற்காகத் துளையிட்டால், அல்லது குழந்தை கடித்து மென்றால், ஓட்டின் காவல் போய்விடுகிறது. ஆய்வுக்கூடத்தில் அரைத்துச் சாறெடுப்பதை அப்பொழுது குழந்தையின் வயிறே செய்துவிடும். 2011-இல் இங்கிலாந்தின் ஈடன் தாவரப் பூங்காவினர், தாங்கள் விற்ற குண்டுமணிக் கைவளையங்களை இக்காரணத்தால் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உங்கள் வீட்டில் குண்டுமணி மாலை இருந்தால் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். குழந்தை கடித்துவிட்டது என்று ஐயம் வந்தாலும், அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். விதை ஒன்றைக் கையோடு கொண்டு போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். நாட்டு மருந்தென்று எவர் சொன்னாலும் இவ்விதைகளை வீட்டில் அரைக்க வேண்டா.

மூதாட்டியின் வீடு

மூதாட்டியின் கணவரை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் ஏறியிருந்தது. காலில் ஒரு சிறு புண்ணும் ஆறாமல் இருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் சில வாரம் கழிந்திருந்தால் விரலையே எடுக்க நேர்ந்திருக்கும் என்றார் மருத்துவர். மாத்திரை மீண்டும் தொடங்கப்பட்டது, புண்ணும் ஆறிற்று. "புரதம் சர்க்கரையைப் பிடிக்கும் என்று எழுதியிருந்ததே, சாமி?" என்று அவர் கேட்டார். "ஐயா, உண்மைதான். அது அணுக்களின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியைப் பிடிக்கிறது என்பது ஆய்வுக்கூடத்தின் உண்மை. உங்கள் இரத்தத்தில் ஏறியுள்ள சர்க்கரையை அது இறக்கும் என்பது எவரோ கூட்டிச் சொன்னது. ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்ததால் நீங்கள் ஏமாந்தீர்கள்" என்றேன். சிறிது நேரம் தலைகுனிந்திருந்தார்.

மருமகளுக்கு அம்மாணவியே விளக்கினாள். 'இரத்தம் கட்டியாகும்' என்பது கண்ணாடித் தட்டில், பச்சைச் சாற்றில் நடப்பது. குழையவெந்த பருப்பில் அந்தப் பிடி இல்லை. ஞாயிறன்று அவர்கள் வீட்டிலிருந்து எனக்கு ஒரு தூக்குவாளி வந்தது. திறந்து பார்த்தேன். பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் இட்ட சாம்பார்.

இரு செய்திகளும் முழுப்பொய் அல்ல என்பதே இதில் நான் கற்றது. இரண்டிலும் பாதி உண்மை இருந்தது. முழுப்பொய்யை நம் மக்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். பாதி உண்மைதான் குடும்பங்களுக்குள் புகுந்து குழந்தையின் தட்டையும் முதியவரின் மருந்தையும் பறிக்கிறது. ஒரு பொருள் நல்லதா தீயதா என்று கேட்பதற்கு முன்பு, எந்த நிலையில், எவ்வளவு, என்ன செய்த பிறகு என்று கேட்கப் பழகுவோம். கைபேசியில் வந்ததை நம்பி மருந்தை நிறுத்துவதற்கு முன்பு, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்போம். பருப்பை வேகவிடுவதுபோல், கேட்ட செய்தியையும் சற்று வேகவிட்டு உட்கொள்வது குடும்பத்திற்கு நல்லது.

அடுத்த மாதம் சந்திப்போம்.